முதலாளி யார்? வெளிமாநிலத் தொழிலாளியின் உரிமைகள் சிக்கும் இடம்

சென்னைப் புறநகரில் எழும்பும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளியிடம் முதலாளி யார் என்று கேட்டால், பெரும்பாலும் சர்தாரின் பெயர்தான் வரும். ஊரில் இருபது பேரைச் சேர்த்து ரயிலேற்றிக் கூட்டிவந்தவர் அவர். சர்தாருக்கு மேலே ஆள் அனுப்பும் லேபர் கான்ட்ராக்டர். அவருக்கு மேலே சென்ட்ரிங்கை மொத்தமாக எடுத்த துணை ஒப்பந்ததாரர். அதற்கும் மேலே கட்டுமான நிறுவனம், உச்சியில் மனைக்குச் சொந்தக்காரரான ப்ரொமோட்டர். கூலி இந்தப் படிகள் வழியாகச் சொட்டிச் சொட்டி இறங்குகிறது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தங்குகிறது. நடுவில் ஒருவர் போனை அணைத்துவிட்டால் அவருக்குக் கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் காசு நின்றுபோகும்.

இப்படிப்பட்ட தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிறையவே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி, விபத்து இழப்பீடு, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு, ரேஷன், நல வாரியம், கொத்தடிமை முறைக்கு எதிரான சட்டம் என எல்லாம் அவருக்கும் பொருந்தும். ஆனால் ரேஷனைத் தவிர மற்ற எதைக் கேட்டுப் போனாலும் முதலில் வரும் கேள்விகள் இரண்டு: அங்கே வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்? வேலை கொடுத்தவர் யார்? உரிமை செத்துப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான்.

முன்பணத்தில் தொடங்கும் கணக்கு

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் ஆள் திரட்டும் முறைக்குத் தாதன் என்று பெயர். நுவாகாய் என்ற புதுநெல் பண்டிகை ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். வீட்டில் காசு இல்லாத அந்த நேரம் பார்த்துச் சர்தார் முன்பணம் கொடுப்பார். கணவன், மனைவி, கூட ஒருவர் என மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கணக்கு. கூட வரும் அந்த ஒருவர் பல நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை. செங்கல் சூளையில் அறுக்கும் கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, சீசன் முடிவில் முன்பணத்தைக் கழித்து மிச்சத்தைத் தருவதாக ஏற்பாடு. கோடை மழையில் பச்சைக்கல் கரைந்தாலோ, ஒருவர் காய்ச்சலில் படுத்தாலோ அந்த மிச்சம் கடனாகத் திரும்பிவிடும். கணக்கு நோட்டு ஒன்றுதான், அது சூளைக்காரரிடம் இருக்கும்.

தமிழர்களுக்கு இது அறியாத கதை அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன கங்காணியும் இதே வேலையைத்தான் செய்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் தொழிலாளியின் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் நகர முடியும். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய சூளையில் காகிதத் துண்டு இல்லை, கடன் மட்டும் இருக்கிறது.

தாதன் முறையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தில் வந்ததுதான் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம்; 1980 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் நல்ல சட்டம். ஒப்பந்ததாரர் ஆள் எடுக்கும் மாநிலத்திலும் வேலை வாங்கும் மாநிலத்திலும் உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். கூலி விகிதம், வேலையின் காலம், கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் ஏற வேண்டும். போக வர ரயில் கட்டணம், பயண நாட்களுக்குக் கூலி, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றோடு, மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அது, இடப்பெயர்வுப் படியாகவும் கிடைக்க வேண்டும்.

நடந்தது என்ன? ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரைத்தான் இந்தச் சட்டம் புலம்பெயர் தொழிலாளியாகப் பார்த்தது. தானாக ரயிலேறித் திருப்பூரில் இறங்கி வேலை தேடிக்கொண்டவர் கணக்கிலேயே இல்லை. சர்தாரோ காகிதத்தில் ஒப்பந்ததாரராக இருப்பதில்லை. அவரும் ஒரு கூலியாள் என்றே காட்டப்படுவார். உரிமம் எடுத்தால் பொறுப்பும் கூட வரும் என்பதால் யாரும் எடுக்கவில்லை. 2020 மார்ச் 24 இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டபோது, எந்த மாநிலத்தில் எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எந்த அரசிடமும் சரியாக இல்லை. நாற்பது ஆண்டுகளாகப் பாஸ்புக் எழுதியிருந்தால் அந்தப் பட்டியல் தானாகவே உருவாகியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1979 சட்டத்தின் இடத்தைப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. ஒரு நல்ல மாற்றம்: தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும், வந்த பிறகு நிறுவனம் மாறியவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறார்கள். ஆனால் மாதக் கூலி 18,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பழைய சட்டத்தில் ஓர் இடத்தில் ஐந்து புலம்பெயர் தொழிலாளர்கள் இருந்தால் போதும், இப்போது பத்துப் பேர் வேண்டும். ஆறு பீகார் இளைஞர்களை வைத்து ஓட்டும் விசைத்தறிக் கூடம் தொகுப்பின் புலம்பெயர் தொழிலாளர் அத்தியாயத்துக்கு வெளியே போய்விடுகிறது. இடப்பெயர்வுப் படியும் போய்விட்டது; ஊருக்குப் போய்வரும் பயணப்படி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வரையறையை அகலமாக்கிவிட்டு வாசலைச் சிறிதாக்கியிருக்கிறார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

முன்பணக் கடனால் ஆள் நகர முடியாமல் இருந்தால் கையில் எடுக்க வேண்டியது வேறு சட்டம்: 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அதில் கடன் கொடுத்தவர் மேல் விழுகிறது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னதும் இங்கே உதவும்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. நடைமுறையில் தவறு நடப்பது, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று சொல்லும் விடுவிப்புச் சான்றிதழில். சூளைக்கு வரும் வருவாய்த் துறையினர் ‘கூலித் தகராறு’ என்று எழுதி, பாக்கியில் கொஞ்சம் வாங்கிக்கொடுத்து, அன்றிரவே ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள். மனிதாபிமானம் போலத் தெரியும். ஆனால் கோட்டாட்சியரோ ஆட்சியரோ கையெழுத்திட்ட அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் உடனடி உதவியான 30,000 ரூபாயும் கிடைக்காது; வழக்கு முடிந்து குற்றம் உறுதியான பின் வர வேண்டிய ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகையும் கிடைக்காது. ஊர் திரும்பிய குடும்பம் அடுத்த நுவாகாய்க்கு அதே சர்தாரிடம் போய் நிற்கும்.

அரிசி மட்டும் எல்லை தாண்டியது

எல்லா உரிமைகளிலும் ஓரளவு உண்மையாகவே பயணம் செய்யக் கற்றுக்கொண்டது ரேஷன்தான். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கடைசியாக 2022 ஜூனில் அசாம் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டையாக இருந்தால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை எந்த மாநில ரேஷன் கடையிலும் விரல் வைத்து வாங்கலாம். அட்டையே கையில் வேண்டாம், எண் போதும். தமிழ்நாடு அரசு தன் மக்களுக்குத் தரும் துவரம்பருப்பு, பாமாயில், பொங்கல் பரிசு எல்லாம் வெளிமாநில அட்டைக்குக் கிடையாது.

தடங்கல் வரும் இடங்கள் தெரிந்தவையே. குடும்பம் ஊரில் இருக்கும்போது இங்குள்ளவர் தன் பங்கை மட்டும் பிரித்து வாங்க வழி இருக்கிறது. ஆனால் ஊர்க் கடைக்காரர் ஒரே விரல்ரேகையில் முழுக் குடும்பத்துக்கும் பதிவு போட்டுவிட்டால், திருப்பூர்க் கடையின் இயந்திரம் ‘இந்த மாதம் வாங்கியாகிவிட்டது’ என்று காட்டும். ஊரில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, இங்கே வாங்க வேண்டிய பங்கை விட்டுவைக்கச் செய்வதுதான் வழி. சிமென்ட்டிலும் சுண்ணாம்பிலும் புழங்கும் கைகளில் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காது. அப்போது கருவிழிப் பதிவையோ, ஆதாரோடு இணைத்த போனுக்கு வரும் கடவுஎண்ணையோ கேட்க வேண்டும். அந்தப் போன் எண் மூன்று சிம்முக்கு முந்தியது என்பதால் அதுவும் பல நேரம் தவறும். ஆக, ஊரை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆதாரில் நடப்பு எண்ணை ஏற்றுவது.

அட்டையே இல்லாதவர்கள் கதை வேறு. யாருக்கு அட்டை என்ற எண்ணிக்கை இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கில் நிற்கிறது. அதற்குப் பிறகு பிறந்த குடும்பங்களுக்கு இடம் குறைவு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் ரேஷன் அட்டை இல்லாத சுமார் எட்டுக் கோடிப் பேருக்கு அட்டை தர உச்ச நீதிமன்றம் 2024இல் மாநிலங்களுக்குக் கெடு வைக்க வேண்டிவந்தது. இ-ஷ்ரம் அட்டை ஓர் அடையாளப் பதிவு மட்டுமே. அதைக் காட்டினால் அரிசியோ கூலியோ வந்துவிடாது. இதைத் தொழிலாளர்களிடம் தெளிவாகச் சொல்லாமலே பலர் காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்துகொடுக்கிறார்கள். பதிவு இலவசம்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தையும் இங்கேயே சொல்லி முடிக்கலாம். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல வரியாக வாரியத்துக்குப் போகிறது. 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதில் சுமார் 9,500 கோடிதான் தொழிலாளர்களுக்காகச் செலவானது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்ததற்குச் சான்று இருந்தால் உறுப்பினராகலாம். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? மறுபடியும் அதே கேள்வி.

சாரத்திலிருந்து விழுந்தால்

2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட பெருவிபத்துகளில் அரசும் பத்திரிகைகளும் கூடிவிடுவதால் ஏதோ ஓர் உதவித்தொகை அறிவிக்கப்படும். ஒற்றை ஆள் விழுந்து இறக்கும் விபத்துகள்தான் சத்தமில்லாமல் முடித்துவைக்கப்படுகின்றன. முடித்துவைக்கும் முறை எங்கும் ஒன்றே: பிரேதப் பரிசோதனை முடிந்ததும் ஒருவர் வந்து, உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம், கையில் இரண்டு லட்சம் தருகிறோம், முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்பார். மொழி தெரியாத ஊரில் பிணவறை வாசலில் நிற்கும் தம்பியோ மாமாவோ போட்டுவிடுவார்.

அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மரணத்துக்கான இழப்பீட்டை உரிய அதிகாரியிடம் செலுத்தினால்தான் கணக்கு. குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது, ஒரு சிறிய முன்தொகை நீங்கலாக, இழப்பீடாகவே ஆகாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. இரண்டு லட்சம் வாங்கிவிட்டோமே என்று பயந்து மீதியை விட வேண்டியதில்லை.

மீதி எவ்வளவு என்பதற்கு வாய்ப்பாடு இருக்கிறது. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 25 வயதுக்குக் காரணி 216.91. ஆக 7,500 பெருக்கல் 216.91, வருவது 16,26,825 ரூபாய். 40 வயதுக்குக் காரணி 184.17, தொகை 13,81,275. இரண்டு லட்சத்துக்கும் பதினாறு லட்சத்துக்கும் உள்ள தூரம்தான் அந்த முத்திரைத்தாளின் விலை. எதிர்த்தரப்பு அடுத்து எடுக்கும் ஆயுதம் கூலியைக் குறைத்துக் காட்டுவது. மாதம் 8,000 தான் கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு முளைக்கும். அதை ஏற்றால் அதே 25 வயதுக்காரருக்கு 8,67,640 ஆகிவிடும். வங்கிக்கோ போன் வழியாகவோ வந்த பணத்தின் பதிவு ஒன்று இருந்தால் இந்த வாதம் நிற்காது. இருந்தும் பணத்தைத் தாமதித்தால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் சேரும்.

எஃப்ஐஆரில்தான் அடித்தளம் போட வேண்டும். சர்தார் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கட்டுமான நிறுவனத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தன் வேலையின் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனமும் இழப்பீடு தரக் கடமைப்பட்டது. ஒப்பந்ததாரரிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்வது அதன் வேலை. இறப்புச் சான்றிதழ், உயிர் பிரிந்த ஊரின் உள்ளாட்சி அமைப்பில்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் தமிழ் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாமல், அந்த ஓர் எழுத்தைத் திருத்தவே சொந்த ஊரிலிருந்து மறுபடி வர நேரும். ஆதார் நகலைப் பிணவறையிலேயே காட்டி எழுதச் சொல்வது ஆறு மாத அலைச்சலை மிச்சமாக்கும். மனைவி, சிறு பிள்ளைகள், விதவைத் தாய் ஆகியோர் சார்ந்திருந்ததைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. மணமாகாத இளைஞரின் தந்தை மட்டும் மகன் அனுப்பிய பணத்தில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்கும் வங்கிப் பதிவே சாட்சி.

குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு சலுகை: மனுவைச் சென்னையில்தான் போட வேண்டும் என்பதில்லை. சார்ந்திருப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, பலாங்கீரிலோ பீகாரின் கிஷன்கஞ்சிலோ போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நிறுவனம் இஎஸ்ஐ வரம்புக்குள் இருந்தால் ஒரே தொகைக்குப் பதிலாகச் சராசரி நாள்கூலியில் 90 சதவீதம் என்ற கணக்கில் மாதாமாதம் குடும்பத்துக்கு வரும்; நேற்றுதான் சேர்ந்தார், இன்னும் எண் போடவில்லை என்பது நிறுவனத்தின் குற்றமே ஒழியக் குடும்பத்தின் உரிமையைப் பறிக்காது.

நூற்பாலை விடுதிகளில் இருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்களுக்கு விபத்தைவிட அன்றாடப் பிரச்சினை பூட்டிய வாசல். வாரம் ஒரு முறை, வார்டன் துணையோடு மட்டுமே வெளியே போகலாம் என்ற விதி எந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இல்லை. விடுதிக்கு 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள்ளகக் குழு வேண்டும். அந்தக் குழுவின் பெயர்ப்பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் தொங்குவதை ஆய்வுக்குப் போகிறவர்கள் கவனிப்பதே இல்லை. குழந்தைகள் விஷயத்தில் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று பள்ளியில் சேர்க்காமல் இருக்க முடியாது.

கூலி பாக்கிக்கு மனு

கூலிச் சட்டத் தொகுப்பின்படி மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். வேலையை விட்டாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பாக்கிக்கு மூன்று ஆண்டுகள் வரை மனுப் போடலாம். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. கூலி கொடுத்தாயிற்று என்று காட்டும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. தொழிலாளி காட்ட வேண்டியது அங்கே வேலை செய்தேன் என்பதை மட்டும். வருகைப் பதிவேட்டின் பக்கத்தைப் போனில் எடுத்த படம், கேட் பாஸ், ஹெல்மெட்டில் நிறுவனத்தின் பெயர் தெரியும்படி எடுத்த படம், மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு, அவர் போன்வழி அனுப்பிய ஐநூறு ரூபாய் செலவுக்காசு ஆகியவை போதும். கோபத்தில் போனை உடைக்காமலும் சிம்மை மாற்றாமலும் இருப்பது முக்கியம்.

தனித்தனியாகப் போகும் இருபது மனுவைவிட, ஒரே நிறுவனத்தின் இருபது பேர் சேர்ந்து போடும் ஒரு மனு வலுவானது. சட்டமும் அதை அனுமதிக்கிறது. பதிவு பெற்ற தொழிற்சங்கம் அவர்கள் சார்பில் மனுப் போடலாம் என்பது இன்னும் முக்கியம். ஏனென்றால் வழக்கு தோற்பது பெரும்பாலும் வாய்தாவில். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், முதல் வாய்தாவுக்கே மனுதாரர் பாட்னா ரயிலில் இருப்பார். வராதவர் மனு தள்ளுபடியாகும். ஊருக்குக் கிளம்புமுன் சங்கத்துக்கு அதிகாரக் கடிதம் எழுதி, ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் கொடுத்துவிட்டுப் போனால் பணம் ஊருக்கே வந்து சேரும்.

எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது? சர்தார் முதல் கட்டுமான நிறுவனம் வரை தெரிந்த எல்லாரையும். ஒப்பந்ததாரர் தரத் தவறினால் நிறுவனம் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் பணத்தை அசைப்பது பெரும்பாலும் இன்னொன்று: துணை ஒப்பந்ததாரரின் ஒவ்வொரு பில்லிலும் நிறுவனம் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் போனால் அந்தப் பிடித்தத்திலிருந்து கூலியைக் கொடுத்துவிட்டுக் கணக்கை நேர் செய்வது நிறுவனத்துக்கு எளிது. அதனால் மனுவை எப்போது கொடுக்கிறோம் என்பது எப்படி எழுதுகிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம். ஸ்லாப் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கொடுத்த மனுவுக்கு ஒரு வாரத்தில் பேச்சுவார்த்தைக்கு ஆள் வரும். இறுதி பில் பாஸாகி, சென்ட்ரிங் பலகைகள் லாரியேறி அடுத்த சைட்டுக்குப் போன பிறகு கொடுத்தால், நோட்டீஸ் ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பி வரும்.